குளத்து மடையும் மலை யானையும்

ஆள்காட்டிக் குருவி கூழாங்கல் பொறுக்கிப் பொறுக்கி, குளக்கரையில் கிடந்த தன் மூன்று முட்டைகளைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தது. காலையில் வைத்த கற்களைக் காணோம். மழையில் தண்ணீர் ஏறிவிட்டது!

அது கூச்சப்படுகிற குருவி. இருந்தாலும் மடையைக் காக்கும் நண்டிடம் ஓடியது.

"நண்டு மாமா, மடையைத் திறங்களேன். முட்டை முழுகப் போகுது!"

"எனக்கு மட்டும் இரக்கம் இல்லையா தாயி? யானை ராசா சொன்னாத்தான் திறக்கணும். காட்டுச் சட்டம்!"

குருவி மலைக்குப் பறந்தது. யானை மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தது.

"மழையா? இங்கே புழுதி பறக்குதே கண்ணு!"

குருவி கூச்சத்தோடு சேறு ஒட்டிய காலை மட்டும் தூக்கிக் காட்டியது. யானை மோந்து பார்த்தது.

"அட, ஈரம்! திறக்கச் சொல்லு, ஓடு!"

குருவி திரும்புவதற்குள் தண்ணீர் முட்டையைத் தொட்டுவிட்டது. ராசா சொன்னதைக் கேட்டதும் நண்டு மடையைத் திறக்கக் கொடுக்கைத் தூக்கியது.

"நில்லுங்க மாமா!" குருவி போட்ட சத்தத்தில் அதற்கே தூக்கிவாரிப்போட்டது. "மடைக்குக் கீழே பெருச்சாளி அக்கா வளை இருக்கே! குட்டி போட்டு நாலு நாள்தான் ஆகுது."

"உன் முட்டை?"

"சொல்லிட்டு வந்துடறேன்!"

பெருச்சாளி ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி மேட்டில் விட்டது. கடைசிக் குட்டியும் ஏறியதும் குருவி உரக்கக் கூவியது. நண்டு மண்ணைப் பறித்தது. தண்ணீர் சலசலவென்று இறங்கியது. முட்டைகள் நனைந்ததோடு பிழைத்தன.

மறுநாள் யானை மலையிறங்கி வந்து எல்லாரையும் கூட்டியது.

"தப்பு என் சட்டத்துலதான். இனிமே மடை குளத்துக்காரங்க பொறுப்பு!"

"நல்லா இருக்கே!" என்றது பெருச்சாளி. "அவங்க இஷ்டத்துக்குத் திறப்பாங்க, நாங்க மிதக்கணுமா?"

"கீழே இருக்கிறவங்களைக் கேட்டுட்டுத்தான் திறக்கணும். அதையும் சட்டத்துல சேர்த்துடுவோம்" என்றது யானை.

"ஒத்துப்போகலைன்னா?"

"அதுக்குத்தான் நான் இருக்கேன். முதுகுல மண்ணு போடறதே ஒரு வேலையா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"சரி, கீழே போய்த் தகவல் சொல்றது யாரு?" என்றது நண்டு. எல்லாக் கண்ணும் குருவி மேல் விழுந்தன.

குருவி தலையைக் குனிந்துகொண்டது. "நானா? நாலு பேர் முன்னாடி எனக்குப் பேசவே வராது. ஆனா, நீங்கல்லாம் சொன்னா நான்..."

"கீச்!" என்று ஒரு முட்டைக்குள்ளிருந்து அழைப்பு வந்தது. சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டுக் குருவி ஓடியது.

அவரவர் இடத்துக் காரியத்தை அவரவரே முடிவு செய்ய வேண்டும். அதையும் அக்கம்பக்கத்தாரைக் கேட்டுச் செய்தால்தான் எல்லாரும் பிழைக்கலாம்.