பத்துக்கு ரெண்டு

பிச்சைமுத்துவுக்கு அறுபத்தொரு வயசு. அவருக்குப் பாடம் சொல்லித் தருகிற ஜுலேகாவுக்கு இருபத்தேழு. பாய்லர் ஃபேக்டரியில் முப்பத்தஞ்சு வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷன், போன மாசம் அவள் கடைப் படியேறி, "வாத்தியாரம்மா, இந்த வேலையை எனக்குக் கத்துக்குடு" என்று நின்றார். அப்படிக் கூப்பிடாதீங்க சார் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே!

திருச்சியில் அந்த வேலைக்கு அவள் ஒருத்திதான். அந்தக் காலத்தில் பபிள்கம் பாக்கெட்டோடு வந்த கிரிக்கெட் அட்டைகளை லென்ஸ் வைத்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள். மார்க் சீட்டோடு அட்டையைக் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, மெஷினில் ஓரத்தை ஒட்டிவிடுவாள். அப்புறம் உடைத்தால்தான் திறக்கும்.

அன்று மத்தியானம் பிச்சைமுத்து தன் வீட்டு அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். யாரோ ஒரு வேகப்பந்து வீச்சாளர் படம். குறுக்கும் நெடுக்குமாக மடிப்பு.

"என் பையன் குமரேசனோடது. எட்டு வருஷம் கழிச்சு இன்னைக்கு நாலு மணி ரயில்ல வர்றான். வீட்டுக்கு வரலையாம். ஜங்ஷன்கிட்ட லாட்ஜ் எடுத்திருக்கானாம். இதை என் கையால கூட்டுல வெச்சுக் குடுத்து, வீட்டுக்கு வாடான்னு கூப்பிடணும். அதுக்குத்தான் தாயி ஒரு மாசமா வந்துட்டிருக்கேன்."

ஜுலேகா லென்ஸில் பார்த்தாள். சீட்டில் 2 என்று எழுதினாள்.

"ரெண்டா! ஒரு எட்டு போடக் கூடாதா?"

"மடிப்பு இருக்கே சார்."

"இஸ்திரி வெச்சு எடுத்துரட்டுமா?"

"அட்டையைத் திருத்தினா அந்த ரெண்டும் கிடையாது. யாரு இப்படிக் கசக்கினது?"

பிச்சைமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்தான். ஆறாங்கிளாஸ்ல கணக்கு டெஸ்ட். பத்துக்கு ரெண்டு வாங்கிட்டு வந்து நின்னான். கையில இது. பிடுங்கிக் கசக்கிட்டேன்."

"தூக்கிப் போடலையா?"

"மனசு வரலை. டூல்பாக்ஸ் அடியில வெச்சிருந்தேன்."

"சரி, உள்ள வைங்க சார்."

கூட்டுக்குள் அட்டை உட்காருவதற்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் உண்டு. இந்த அட்டை அதைவிட ஒரு மயிரிழை அகலம். அப்போதெல்லாம் யார் அளந்து வெட்டினார்கள்! பிச்சைமுத்து ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்பியது.

"அடங்க மாட்டேங்குதே" என்று முனகினார். சட்டைப் பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்தார். ரிட்டயர் ஆகியும் அதை விட்டபாடில்லை. அட்டை ஓரத்தில் அரத்தை வைத்ததும் ஜுலேகா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"லேசா ராவினா கச்சிதமா உட்கார்ந்துரும். அடங்காததை ராவித்தானே அடக்கணும்? காலமெல்லாம் அதைத்தானே பண்ணினேன்."

ஜுலேகா சட்டத்தைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை ராவுங்க."

பிச்சைமுத்து சட்டத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட்டையைத் தொடாமலா?"

"அட்டையைத் தொடாமத்தான்."

பிச்சைமுத்து அரத்தைக் கீழே வைத்தார். "அடங்காத பயலே, அடங்காத பயலேன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தேன் தாயி. பிள்ளையையே ராவிட்டேன்." சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

ஜுலேகா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். "மணி மூணு சார். அழுதது போதும், வேலையைப் பாருங்க."

ஃபிட்டர் கை ஃபிட்டர் கைதான். சட்டத்தின் உள்ளோரம் நாலு பக்கமும் பதமாக அரம் ஓடியது. தூளை ஊதித் துடைத்துவிட்டு அட்டையை வைத்தார். முனை எழும்பவில்லை. ஜுலேகா கூட்டை மூடி அவர் காதருகே ஆட்டிக் காட்டினாள். உள்ளே சத்தமில்லை. மெஷினில் வைத்து ஒட்டிக் கொடுத்தாள்.

கையில் வாங்கியவர் எழுந்திருக்கவில்லை. உள்ளே இருந்த மார்க் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரெண்டைப் பார்த்தா அவனுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வருமே. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வாடான்னு கூப்பிடுவேன்?"

ஜுலேகா ஷோகேஸிலிருந்து பத்து மார்க் அட்டை ஒன்றைக் கூட்டோடு எடுத்து, அவர் கையில் இருந்ததன் மேல் வைத்தாள்.

"அளவு பாருங்க."

பிச்சைமுத்து ரெண்டு கூட்டின் ஓரத்தையும் சேர்த்துக் கட்டைவிரலால் தடவினார். நாலு பக்கமும் தடவினார். எங்கேயும் இடறவில்லை.

"பத்துக்கும் இதே கூடுதான் சார். ரெண்டுக்கும் இதே கூடுதான்" என்றாள் ஜுலேகா. "எழுந்திரிங்க, ரயில் வந்துரும்."