தூசி படியாத நாற்காலி

"என் வீட்ல ஏதோ ஒண்ணு குடியிருக்கு, ஆபேல். விரட்டிப் பாத்துட்டேன், போகமாட்டேங்கு. நீ வந்துதான் விரட்டணும்."

சொன்னவர் சுவிசேஷகர் வேதபொன். மேடையேறினால் அவருக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஆனாலும் சொந்தமாக நான்கு வைத்திருந்தார்.

ஆபேல் அவரிடம் ஓய்வுநாள் பள்ளியில் படித்தவன். இப்போது நாற்பது வயது. செம்மண் தேரிக்காட்டில் ஒரு தகரக் கொட்டகையில் தனியாக ஜெபத்தில் இருந்தான். பேச்சு குறைவு. படிப்பித்தவர் படித்தவனைத் தேடி வந்ததில் வேதபொன்னுக்குக் கூச்சம்தான். ஆனால் ஆபத்துக்குப் பாவமில்லை.

"எப்ப வருது?"

"மத்தியானம் மூணு மணிக்கு, டாண்ணு. ஜெப அறைக்குள்ள நாற்காலி இழுபடுத சத்தம் கேக்கும். பெறவு யாரோ உக்காருத மாதிரி இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மூச்சுச் சத்தம் மட்டும்தான். நாலு மணிக்கு நாற்காலி திரும்ப இழுபடும். அதோட சரி. பூட்டின அறை, தம்பி."

"நீங்க கேட்டியளா?"

"எமிலி வருசக்கணக்கா கேக்கா. நான் எலின்னு சொல்லி வாயடைச்சிருவேன். போன வாரம் ஒரு கூட்டம் ரத்தாச்சு, வீட்ல இருந்தேன். நானும் கேட்டேன்."



"அன்னைக்கே எமிலி அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. அது போனாத்தான் வருவாளாம். கல்யாணமாகி இருபத்தாறு வருசம் ஆபேல். அவ இல்லாம அந்த வீட்ல எனக்குச் சோறு இறங்கல."

"அது ஏதும் பேசுதா?"

"இல்ல."

"எதையும் உடைக்குதா?"

"இல்ல. சும்மா இருக்கு. அதான் பயமா இருக்கு."

"யார் பேரச் சொல்லி விரட்டுனிய?"

"இதென்ன கேள்வி? இயேசுவின் நாமத்துலதான். மூணு நாள் உபவாசமிருந்து, கதவுல எண்ணெய் பூசி."

"கேட்டுச்சா?"

"அசையல."

ஆபேல் சிரிக்கவில்லை. காற்று மணலை வாரித் தகரத்தில் இறைத்தது. அது அடங்கியதும் கேட்டான்.

"அந்த அறையில எத்தன நாற்காலி?"

"ரெண்டு."

"ஏன் ரெண்டு?"

வேதபொன்னுக்கு அது ஞாபகம் வரவே கொஞ்ச நேரமாயிற்று.

"வீடு பிரதிஷ்டை பண்ணுன அன்னைக்கு எல்லாரும் பாக்கப் போட்டேன். பதினோரு வருசம் ஆச்சு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஆண்டவருக்கு. தினமும் மூணு மணிக்கு வாரும், நாம ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்போம்னு ஜெபம் பண்ணி…"

அவர் பாதியில் நிறுத்தினார்.

"எத்தன நாள் உக்காந்திய?"

"நாப்பது நாள் இருக்கும். பெறவு ஒரு கூட்டம் மாத்தி ஒரு கூட்டம் வந்துச்சு. ஊழியம்தான தம்பி? ஊர் சுத்தவா போனேன்?"

ஆபேல் எழுந்து கொடியில் காய்ந்த துண்டை உருவி அவர் கையில் கொடுத்தான்.

"ஒங்க நாற்காலிய மட்டும் தொடைங்க ஐயா. இன்னொண்ணத் தொடாதிய."

"நீ வரலயா?"

"ரெண்டு பேருக்குத்தான நாற்காலி போட்டிய? அதுல என்னையக் கூப்பிடலயே."

மறுநாள் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வேதபொன் ஜெப அறையின் பூட்டைத் திறந்தார். 

உள்ளே பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகள். அவர் முகம் அச்சடித்த சுவரொட்டிகள், கட்டுக் கட்டாக. எல்லாவற்றிலும் தூசி. சுவரொட்டிக் கட்டுகளுக்குப் பின்னால் அவருடைய நாற்காலி கிடந்தது. அதன் மேல் விரல் புதையும் அளவுக்குத் தூசி.

மற்றது சுவரோரம் இருந்தது. அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. தினமும் ஆள் உட்காரும் நாற்காலியைப் போல இருக்கை வழுவழுத்திருந்தது.

அதன் கால்களிலிருந்து சிவப்புத் தரையில் கீறல்கள் ஓடின. ஒன்றன் மேல் ஒன்றாக, ஆயிரக்கணக்கில், வெள்ளைத் தடமாகவே பதிந்துபோய். அவர் அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்தார். அது நேராக வாசல்வரை வந்து கதவுக்கு முன்னால் நின்றது.

யாரோ தினமும் அதுவரை வந்து, கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேதபொன்னுக்கு அழுகை வந்தது. பயமும் போகவில்லை. தன் நாற்காலியை எடுத்துத் துடைத்தார். சுவரோரம் இருந்ததற்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கைபேசியை அணைத்தார்.

கடிகாரம் மூன்று அடித்தது.

நாற்காலி இழுபடவில்லை. ஆனால் எதிரே, முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிற தூரத்தில், யாரோ நீளமாக ஒரு மூச்சு விட்டார்கள். வெகுநேரம் வழிபார்த்திருந்தவர் விடும் மூச்சு.

அவர் வாய் திறக்கவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கே புதிதாக இருந்தது.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. வெளியே வாசல் படலை திறந்தது. மாற்றுச் சேலை எடுக்க வந்த எமிலி, உள்ளே வரப் பயந்து முற்றத்திலேயே நின்றாள்.

"என்னங்க, மணி மூணரை ஆகுது. சத்தத்தையே காணும்? போயிருச்சா?"

வேதபொன் எதிர் நாற்காலியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"இல்ல எமிலி. இங்கதான் இருக்காவ. நீ இன்னொரு நாற்காலி எடுத்துட்டு வா."