கரடி கை வைக்க மறுத்த முதுகு

இலுப்பைக் காட்டில் சடையன் என்ற கரடி சுளுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, பிசகிய தோள், எதுவானாலும் விலங்குகள் சடையனிடம்தான் வரும். அது வேப்பெண்ணெய் தடவி நீவிவிட்டால் நொண்டி வந்தது துள்ளிக்கொண்டு போகும்.

சடையனுக்கோ அலுத்துவிட்டது. காட்டில் உள்ள இடுப்பையெல்லாம் நீவி நீவி அதன் சொந்த இடுப்பே விட்டுப்போயிருந்தது. அதை யார் நீவுவது?

அன்று மானும் முயலும் இரண்டு காட்டுப்பன்றிகளும் போய் முடிவதற்குள் உச்சி வெயில் ஏறிவிட்டது. கடைசியாக ஒரு காட்டெருது தள்ளாடி வந்து நின்றது. பத்து நாளில் இது மூன்றாவது தடவை.

"அண்ணே, அதே இடுப்பு வலிதான். போன தடவையை விட நல்லா அழுத்தி விட்டுருங்க!"

"படு," என்றது சடையன். பேசக்கூடத் தெம்பில்லை. சீக்கிரம் முடித்தால் ஒரு தூக்கம் போடலாம் என்று நினைத்தது.

முதுகைத் தடவித் தேடியது. சுளுக்கு என்றால் எங்காவது ஒரு முடிச்சு கையில் தட்டுப்படும். இங்கே முடிச்சே இல்லை. உடம்பு மட்டும் கொதித்தது. போன இரண்டு தடவையும் முடிச்சு இல்லை என்பது அப்போதுதான் சடையனுக்கு உறைத்தது. அசதியில் அதைக் கவனிக்காமல் மேலாக நீவி அனுப்பியிருந்தது.

அந்த நேரம் ஒரு மாட்டு ஈ எருதின் தொடையில் உட்கார்ந்து கடித்தது. எருதின் தோல் சிலிர்க்கவில்லை. வாலும் அசையவில்லை.

சடையன் கையை எடுத்துவிட்டது. வந்த தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"தம்பி, தொடையில ஈ கடிக்குதே, தெரியலையா?"

"எந்த ஈ?"

"சரி, படுத்தா வலி குறையுதா?"

"எங்கண்ணே! படுத்தாத்தான் உயிர் போகுது!"

"ஒன்னுக்குப் போனியா?"

எருது வெட்கத்தோடு தலை குனிந்தது. "நேத்து காலையில போனது. முட்டிக்கிட்டு நிக்குது, வர மாட்டேங்குது. அதுக்கும் இடுப்புக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"இருக்கு. உள்ள சீழ் கட்டி நரம்பை அழுத்துது போல. இது என் கைக்கு அடங்குற வலி இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் நாரையம்மா இருக்காங்க. கட்டி, சீழ் எல்லாம் கீறி எடுக்கிற வைத்தியச்சி. இப்பவே கிளம்பு!"

எருதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவ்வளவு தூரம் எவன் நடக்குறது? ஒரு அழுத்து அழுத்தச் சொன்னா ஊரைச் சுத்தச் சொல்றீங்களே!"

மரத்தில் ஒரு குரங்கு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. சடையனின் இடத்தைப் பிடிக்க அதற்கு வெகு நாளாக ஆசை.

"கரடியண்ணனுக்கு வயசாயிருச்சு! எருதண்ணே, நான் உங்க முதுகுல ஒரே குதி குதிக்கிறேன். சடக்குன்னு சத்தம் கேக்கும், வலி பறந்துரும்!"

"குதி!" என்றது எருது.

சடையன் குறுக்கே போய் நின்றது. "குதிச்சா இவன் பின்னங்கால் ரெண்டும் போயிரும். அப்புறம் நீயா தூக்கிச் சுமப்ப?"

குரங்கு மேல் கிளைக்குத் தாவியது.

"உங்களுக்குத் தெரியலன்னா, தெரியலன்னு சொல்லிருங்கண்ணே!" என்று எருது கத்தியது.

"அதைத்தானே சொல்றேன்! முதல் நாளே சொல்லியிருக்கணும். ரெண்டு தடவை உன்னைச் சும்மா நீவி அனுப்பிட்டேன். வா, நானும் கூட வர்றேன்."

எருது முனகிக்கொண்டே எழுந்தது. சடையன் தோள் கொடுத்தது. ஆற்றைக் கடக்கும் வரை வழி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தது.

நாரையம்மா எருதின் முதுகை அலகால் மெல்லத் தட்டிப் பார்த்தது. முதுகெலும்பின் ஓரம் ஓரிடத்தில் அலகு நின்றது. ஒரே குத்து! எருது அலறியது. சீழ் கொட்டியது, கூடவே ஒரு பழைய முள்ளும் வந்தது. பொழுது சாய்வதற்குள் எருது ஒரு புதரோரம் நின்று ஒன்னுக்குப் போனது. போய்க்கொண்டே ஆனந்தத்தில் அழுதது.

"நாளைக்கு வந்திருந்தா ரெண்டு காலும் போயிருக்கும்," என்றது நாரையம்மா.

சடையன் தயங்கித் தயங்கிக் கேட்டது. "முதல் தடவையே அனுப்பியிருந்தா?"

நாரையம்மாவுக்குப் பூசி மெழுகத் தெரியாது. "நொண்டாம நடந்திருக்கும்."

எருது பிழைத்துக்கொண்டது. ஆனால் கடைசி வரை இடது பின்னங்காலை இழுத்துத்தான் நடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சடையனுக்கு மனசு வலித்தது. அந்த வலிக்கு நாரையம்மாவிடமும் மருந்து இல்லை.

தன் கைக்கு அடங்காத நோயை அடங்காது என்று முதல் நாளே சொல்லி, அது தெரிந்தவரிடம் அனுப்பி வைப்பவரே நல்ல வைத்தியர்.