சுவருக்கு வெளியே ஒரு திருடன்

ஒரு காட்டில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்குக் கதவு கிடையாது. ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு மட்டும் உண்டு.

அது பேச்சி என்ற இருவாச்சிப் பறவையின் கூடு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில், ஒரு குங்கிலிய மரத்துப் பொந்து.

இருவாச்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமா, குழந்தைகளே? முட்டையிடும் காலம் வந்ததும் தாய்ப்பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சேற்றையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். உள்ளே போனதும் அதன் இறகுகள் உதிர்ந்துவிடும். புது இறகு முளைத்து, குஞ்சும் வளர்கிற வரைக்கும் அதனால் பறக்க முடியாது. வெளியே இருக்கும் தந்தைப்பறவைதான் பழம் கொண்டுவந்து பிளவு வழியாக ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வேறு வழி இல்லை.

பேச்சியின் கணவன் பெயர் இசக்கி. ஒரு நாளைக்கு இருபது தடவை வருவான். அத்திப்பழம் போலச் சின்னதாக இருக்கும் இச்சிப்பழங்களைத் தொண்டை நிறைய அடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பிளவு வழியாகப் பேச்சிக்கும், முட்டை பொரித்து வந்த குஞ்சுக்கும் கொடுப்பான்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் கோடைமழையோடு பெருங்காற்று அடித்தது. அன்று பழம் பறிக்கப் போன இசக்கி திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை.

மரத்தில் மலையணில் ஒன்று ஓடியது. பேச்சி பிளவில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"அணிலண்ணே! எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா?"

மலையணிலுக்குத் தெரியும். ஆற்றோரத்தில், முறிந்து விழுந்த கிளைக்கு அடியில் இசக்கி செத்துக் கிடந்ததைக் காடே பார்த்திருந்தது. அதைப் பேச்சியிடம் சொல்லுகிற வேலையை அணில் கருமந்திக்கு விட்டது. கருமந்தி கரிச்சான் குருவிக்கு விட்டது. கரிச்சான் அணிலுக்கே விட்டது.

"வருவாரு தாயி, வருவாரு. ஆம்பிளைன்னா ஆயிரம் சோலி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அணில் அடுத்த மரத்துக்குத் தாவியது.

மூன்றாம் நாள் காலையில் சுவருக்கு வெளியே யாரோ பிறாண்டும் சத்தம் கேட்டது. வந்தவன் கருவாயன் என்ற மரநாய். கறுப்பு முதுகு, மஞ்சள் கழுத்து, ஊசிப் பற்கள். அவன் பெயரைக் கேட்டாலே அந்தக் காட்டுத் தாய்ப்பறவைகள் முட்டைகளின் மேல் இன்னும் இறுக்கி உட்கார்ந்துகொள்ளும். முட்டை திருடி, குஞ்சு தின்னி என்று அவனுக்குப் பெயர். அந்தப் பெயர் பொய்யும் அல்ல.

கருவாயன் பிளவுக்குள் மூக்கை விட்டு மோப்பம் பிடித்தான். உள்ளேயிருந்து பேச்சியின் பெரிய அலகு 'டக்' என்று இறங்கியது.

"ஐயோ அம்மா! மூக்கு போச்சே!"

"இன்னும் கொஞ்சம் உள்ள நீட்டு. மிச்சத்தையும் எடுத்துத் தாரேன்."

"பட்டினி கிடக்கிறவளுக்கு வாயைப் பாரு!"

"என் வீட்டுக்காரரு இப்ப வந்துருவாரு. வந்தா உன் கண்ணு ரெண்டும் இருக்காது. மரியாதையா இறங்கி ஓடிரு."

மூக்கைத் தடவிக்கொண்டிருந்த கருவாயனின் கை அப்படியே நின்றது.

"உனக்கு யாரும் சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்லலை?"

அவன் சொன்னான். எங்கே, எப்படி என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கடைசியில், "தொண்டை நிறைய பழம் இருந்துச்சு. உன்கிட்டதான் வந்துக்கிட்டு இருந்திருக்காரு" என்றான்.

பேச்சி அலகைப் பிளவிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டாள். குஞ்சு மட்டும் பசியில் கீச்சிட்டது.

"மூணு நாளா எல்லாரும் வருவாரு, வருவாருன்னாங்களே. நீ எதுக்குச் சொன்னே?"

"நீ வாசலையே பாத்துக்கிட்டு இருந்தியே" என்றான் கருவாயன். இறங்கிப் போய்விட்டான்.

வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் திரும்பி வந்தான். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. பிளவு வழியாக ஓர் இச்சிப்பழம் உள்ளே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"எச்சிப் பழம்தான். மூஞ்சியைச் சுளிக்காம தின்னு" என்றான்.

"எங்களைத் தின்ன வந்தவன்தானே நீ?"

"ஆமா. இன்னைக்கு மூக்கு வலிக்குது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாளும் வந்தான். "இன்னைக்கு எங்களைத் தின்னலையா?" என்று கேட்டாள் பேச்சி. "வெயிலு ஜாஸ்தி. நாளைக்கு" என்றான். அதற்கு அடுத்த நாள் கால் சுளுக்கு. அதற்கும் அடுத்த நாள் அவனுக்கு அமாவாசை விரதம்.

"மரநாய்க்கு விரதமாக்கும்!" என்று பேச்சி சிரித்தாள். இசக்கி போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எந்த மரத்தில் எந்தக் கிளை பழுத்திருக்கிறது என்று கருவாயன் அதற்கு முன்னால் யோசித்ததே கிடையாது. இப்போது அவனுக்கு அதே வேலையாகிவிட்டது. பல் படாமல் பழத்தைக் கவ்வப் பழகிக்கொண்டான். ஒரு தடவை ஓணான் ஒன்றைப் பிடித்து வந்து கொடுத்தான். குஞ்சு அதை விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு இருக்கா மாமா?" என்று கேட்டது.

ஒரு நாள் பிற்பகலில் மறுபடியும் மழை கொட்டியது. பொந்துக்கு மேலே இருந்த கிளையிலிருந்து தண்ணீர் வழிந்து, சுவரில் பாதி கரைந்து விழுந்துவிட்டது.

கருவாயன் வந்து பார்த்தபோது, கைக்கு எட்டும் தூரத்தில் குஞ்சு இருந்தது. கொழுகொழுவென்று இருந்தது. பேச்சி இறகு இல்லாத தன் மொட்டைச் சிறகை விரித்து அதை மறைத்தாள். அவளும் அவனும் அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் முழுதாகப் பார்த்தார்கள்.

குழந்தைகளே, கருவாயன் எச்சில் விழுங்கினான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

எச்சிலை விழுங்கிவிட்டு அவன் மரத்தைவிட்டு இறங்கினான். ஓடைக்குப் போய் வாய் நிறையச் சேற்றைக் கவ்விக்கொண்டு வந்தான்.

"உள்ள நீ பூசு. வெளிய நான் பூசுறேன். எனக்கு இந்த வேலை தெரியாது. திட்டாதே."

"தெரியாதுன்னு பாத்தாலே தெரியுது. கரடி மிதிச்ச மாதிரி இருக்கு. தட்டித் தட்டிப் பூசு."

கடைசி வாய்ச் சேற்றை அவன் இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தபோது மலையணில் அந்தப் பக்கம் வந்தது. அது கண்டது சுவரின் மேல் மரநாயின் இரண்டு கைகள்.

"திருடன்! திருடன்! பேச்சி வீட்டுச் சுவரை உடைக்கிறான்!"

கரிச்சான்கள் பறந்து வந்தன. கருமந்தி கிளையை உலுக்கிக்கொண்டு வந்தது.

"உடைக்கலை! பூசுறேன்!" என்று கத்தினான் கருவாயன்.

"எந்த ஊர்லவே திருடன் சுவர் பூசுறான்?" என்றது கருமந்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

பேச்சி உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாள். "அவரை விடுங்க! அவருதான் எங்களுக்குச் சோறு போடுறாரு!"

"பாவம். பயத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றது அணில்.

கரிச்சான்கள் கொத்தியதில் கருவாயனின் இடது காது கிழிந்தது. அவன் எதிர்மலைக்கு ஓடிப்போனான்.

"இனிமே உனக்குக் கவலையே வேண்டாம் தாயி" என்று அணில் சுவரில் தட்டிச் சொன்னது. "முறை போட்டுக் காவல் காப்போம். முறை போட்டுச் சாப்பாடு தருவோம்."

காவல் பிரமாதமாக நடந்தது. உச்சிக் கிளையில் கரிச்சான், நடுக்கிளையில் கருமந்தி, கீழும் மேலும் ஓடியபடி அணில். பக்கத்துக் காட்டிலிருந்துகூட வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

சாப்பாடு? மந்தி கொடுத்திருக்கும் என்று அணில் நினைத்தது. அணில் கொடுத்திருக்கும் என்று மந்தி நினைத்தது. பழம் தூக்குவதெல்லாம் பெரியவர்கள் வேலை என்று கரிச்சான் இருந்துவிட்டது. நான்கு நாளில் பிளவு வழியாக வந்தது ஒரு கொத்து இலையும், உடைக்க முடியாத ஒரு கொட்டையும்தான்.

"சாப்பிட்டியா தாயி?" என்று அணில் காலையில் கேட்கும்.

"இல்லை அண்ணே."

"நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிடும்.

இரண்டாம் நாளே கருவாயன் பழத்தோடு வந்து பார்த்தான். மரத்தில் பாதி ஏறுவதற்குள் அவனை அடித்துத் துரத்தினார்கள். சிதறிய பழங்களைக் கருமந்தியே பொறுக்கித் தின்றது.

நான்காம் நாள் குஞ்சின் சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறொரு சத்தம் எதிர்மலை வரைக்கும் கேட்டது. டொக், டொக், டொக். குஞ்சுக்கு இரை தேடிப் போக, உள்ளேயிருந்து பேச்சி சுவரை உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புது இறகு பாதிகூட வளரவில்லை. வெளியே வந்தால் அவளால் பறக்க முடியாது. கீழேதான் விழுவாள். அவள் போனால் குஞ்சும் போகும்.

கருவாயன் கிழிந்த காதோடு பாறையில் உட்கார்ந்து யோசித்தான். 'நான் நல்லது செய்கிறேன் என்று சொன்னால் இவர்கள் நம்பவில்லை. கெட்டது செய்யப் போகிறேன் என்று சொன்னால்?'

எழுந்தான். குங்கிலிய மரத்துக்கு எதிரே, எல்லாரும் பார்க்கும்படி ஒரு பாறையில் ஏறி நின்றுகொண்டு, நாக்கால் உதட்டை நக்கிவிட்டு, உரக்கச் சிரித்தான்.

"காவல்காரங்களே! உங்களுக்குக் கோடி நன்றி!"

"எதுக்குலே நன்றி?" என்றது அணில்.

"நாலு நாளா அவளைப் பட்டினி போட்டதுக்குத்தான்! உள்ள சத்தம் கேக்குதா? அவளே சுவரை உடைக்கிறா. உடைச்சா நேரா கீழ விழுவா. நான் கீழ நின்னு வாயைத் திறந்தாப் போதும்."

அணிலும் மந்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ கொடுக்கலையா?"

"நீ கொடுக்கலையா?"

கருவாயன் குரலை இன்னும் உயர்த்தினான். "அவ இறகு வளர இன்னும் பன்னெண்டே நாள்! பன்னெண்டு நாள் வயிறு நிறைஞ்சு உள்ளேயே இருந்துட்டா என் பொழைப்புல மண்ணு. அதனால தயவுசெஞ்சு அவளுக்கு ஒண்ணும் கொடுத்துராதீங்க. அதுவும் அந்த ஓடைக்கரை இச்சிப்பழத்தைக் கண்ணுலகூடக் காட்டிராதீங்க!"

உள்ளே டொக் டொக் என்ற சத்தம் நின்றது. இத்தனை நாள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுப் பழகிய குரல் அது. யாருக்காக அவன் அப்படிக் கத்துகிறான் என்று பேச்சிக்குத் தெரிந்தது. அலகைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு, குஞ்சை அணைத்துப் படுத்தாள்.

அணிலின் வால் கோபத்தில் சிலிர்த்து நின்றது. "பாத்தீங்களா அவன் எண்ணத்தை! ஏலே மந்தி, ஏறு அந்த இச்சி மரத்துல!"

அதன் பிறகு பேச்சியின் வீட்டில் விருந்துதான். ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பழம் கொண்டுவந்தார்கள். கரிச்சான்கூட வாய்க்கு அடங்கின புழுவைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பழத்தோடும் ஒரு வசவும் வந்தது.

"இந்தா தாயி, தின்னு. அந்தத் திருட்டுப்பய வயிறு எரியட்டும்!"

"அவரு வயிறு நிறையட்டும்" என்பாள் பேச்சி.

அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள்.

கருவாயனும் தினம் பாறைக்கு வந்தான். "அடப்பாவிகளா! இன்னைக்கும் கொடுத்துட்டீங்களா!" என்று பல்லை நறநறவென்று கடித்தான். அவன் மேல் கொட்டைகளும் குச்சிகளும் வந்து விழும். வாங்கிக்கொண்டு போவான். மரநாய் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் எல்லாம் இப்போது காறித் துப்பிவிட்டுப் போனார்கள்.

பதின்மூன்றாம் நாள் காலையில் சுவர் உடைந்து விழுந்தது. புது இறகு பளபளக்கப் பேச்சி வெளியே வந்தாள். பின்னால் குஞ்சு, வெளிச்சத்தில் கண்ணைக் கொட்டிக்கொண்டு.

காடே கூடியிருந்தது. மலையணில் தொண்டையைச் செருமிக்கொண்டது. "நாங்க மட்டும் இல்லேன்னா இந்தத் தாயும் பிள்ளையும் அந்தக் கொலைகாரன் வயித்துல..."

"நீங்க கொடுத்த பழத்துக்கு நன்றி அண்ணே" என்றாள் பேச்சி. மனசாரத்தான் சொன்னாள்.

பிறகு சிறகை விரித்தாள். மரங்களுக்குள் காற்று புகுந்ததுபோல் ஒரு சத்தம். குஞ்சு தள்ளாடிக்கொண்டே பின்னால் பறந்தது. இரண்டும் கூட்டத்தின் தலைக்கு மேலே போய், எதிர்ப் பாறையை நோக்கித் திரும்பின.

"ஐயோ தாயி! அந்தப் பக்கம் போகாதே! அங்க அவன் இருக்கான்!"

பாறையில் இருந்த கருவாயன் பதறி எழுந்தான். "இங்க எதுக்கு வந்தே? போ, போ! எல்லாரும் பாக்குறாங்க. உன்னையும் சேத்துத் தப்பாப் பேசுவாங்க."

பேச்சி அவன் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தாள். முதல் தடவையாகப் பறந்து களைத்துப்போன குஞ்சு இருவருக்கும் நடுவே புகுந்து, கருவாயனின் மஞ்சள் கழுத்துக்கு அடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.

"பாக்கட்டும்" என்றாள் பேச்சி.

நீதி: நம்மைக் காப்பாற்றத் தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று நிற்பவனே நண்பன், ஊர் பார்க்க அவன் பக்கத்தில் போய் உட்காருவதே நாம் அவனுக்குச் செய்யும் மரியாதை.