ஜன்னல் வைத்த துண்டு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. பெயர் வேண்டாம்; சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதை ஆண்ட உதயசேன மகாராஜா நல்லவர்தான். ஆனால் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசுவதைக் கண்டால் போதும், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். பாதி நாள் அது உண்மையாகவும் இருக்கும்.

ஒரு முறை அரண்மனைக் காளை களவு போயிற்று. மகாராஜா தன் கையால் வெல்லம் ஊட்டி வளர்த்த காளை. மனிதர் துடித்துப் போனார். சந்தையில் யாரோ விற்றுவிட்டார்கள் என்று பேச்சு வரவே, தானே பார்ப்பதாகப் புறப்பட்டார்.

மாட்டுச் சந்தையில் எங்கே திரும்பினாலும் இரண்டிரண்டு பேர். நடுவில் ஒரு துண்டு. துண்டுக்குள் இருவர் கையும். ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அழுத்துகிறார்கள். ஒருவன் முகம் மலர்கிறது, இன்னொருவன் முகம் சுண்டுகிறது. வாயில் ஒரு சொல் இல்லை. அங்கே விலை பேசுவதே அப்படித்தான். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் தவிர மூன்றாவது ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

மகாராஜாவுக்கு அந்த மூன்றாவது ஆளாக நிற்பது பிடிக்கவில்லை. மறுநாள் சபையில், "என் ராஜ்யத்தில் எனக்குத் தெரியாத பேச்சா?" என்றார்.

இப்படி ஒரு வார்த்தை விழாதா என்று காத்திருந்தவர் ஏகாம்பரநாதர், ஒற்றர்களின் தலைவர். "மகாராஜா, இன்று துண்டுக்குள் மாட்டுக்கு விலை. நாளை அதே துண்டுக்குள் தங்கள் தலைக்கு விலை பேசினால்? எல்லாத் துண்டுக்கும் ஒரு ஜன்னல் வைக்க உத்தரவிடுங்கள். கையில் களவு இல்லாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?"

"விலை ஊருக்கே தெரிந்தால் வியாபாரிகள் ஓடிவிடுவார்களே! துண்டு மற்றவர் கண்ணுக்கு மூடியிருக்க வேண்டும். என் கண்ணுக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும். எல்லாச் சந்தைக்கும் நான் போக முடியாது. ஆகவே, ஏகாம்பரநாதரே, இனி நீர்தான் என் கண்."

சபையில் ஒரே ஒருவன் சிரித்துவிட்டான். அரசவை விகடன் குப்பாண்டி. அவன் வாயைத் திறந்தால் மகாராஜா சிரிப்பார். ஏகாம்பரநாதர் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுவார். அந்தப் பொருமல் ஏகாம்பரநாதருக்குள் வெகு காலமாகப் புகைந்துகொண்டிருந்தது.

"சிரித்தவரே அந்தத் துண்டைச் செய்து தரட்டும். அடுத்த சந்தைக்குள் முடியாவிட்டால் ராஜ்யத்தை விட்டு வெளியேறட்டும்" என்றார் ஏகாம்பரநாதர்.

மகாராஜாவும் தலையாட்டிவிட்டார்.

வீட்டில் குப்பாண்டியின் மனைவி வடிவு பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். "எந்த ஊருக்குப் போறோம்னு மட்டும் சொல்லிருய்யா. அம்மியைத் தூக்கிக்கவா, வேணாமான்னு பாக்கணும்."

அப்போதுதான் மூன்றாம் தெரு மூக்காயி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"சாமி, எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கையா கெடக்காரு. மருந்துக்கு வழியில்ல, பசுவை விக்கப் போறேன். அடிமாட்டு வெலைதான் கெடைக்கும். அந்த மனுசன் கன்னுக்குட்டியில இருந்து வளத்தது. நல்ல வெலைக்குப் போச்சுன்னு அவருகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். இப்ப துண்டுல சன்னல் வைக்கப் போறாகளாமே?"

"மகாராஜாவும் ஏகாம்பரநாதரும் மட்டும்தானே பார்க்கப் போகிறார்கள்?"

"நல்லாச் சொன்னீக! ஏகாம்பரநாதரு கொழுந்தியா எங்க தெருவுலதான் குடியிருக்கா."

எதற்கும் சிரிக்கிற குப்பாண்டிக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. வடிவைப் பார்த்து, "மூட்டையை அவிழ். ஊசி நூல் எடு" என்றான்.

சந்தை நாள் வந்தது. மகாராஜா பரிவாரத்தோடு வந்து நின்றார். குப்பாண்டி துண்டை விரித்தான். நடுவில் அப்பளம் அளவுக்கு ஓர் ஓட்டை. சுற்றிலும் ஜரிகை. ஜரிகைக்குக் கீழே வடிவு கோணல்மாணலாகத் தைத்த எழுத்து: மகாராஜா மட்டும் பார்க்கவும்.

"இது என்ன? ஓட்டை என்றால் எவனும் பார்ப்பானே!" என்று குதித்தார் ஏகாம்பரநாதர்.

"பார்க்கக்கூடாது என்றுதான் எழுதியிருக்கிறதே."

"படிக்கத் தெரியாதவன் பார்த்துவிட்டால்?"

"படித்தவன் பார்க்கமாட்டான் என்று தாங்கள் நம்புவது பெரிய மனது. மகாராஜா, சோதிக்காமல் என்னைத் துரத்த வேண்டாம். அதோ வெளிதேசத்துக் குதிரை வியாபாரி. தாங்களே இந்தத் துண்டைப் போட்டு ஒரு பேரம் பேசிப் பாருங்கள்."

குதிரை என்றதும் மகாராஜாவுக்கு மறுக்க மனம் வரவில்லை.

இந்த இடத்தில் ஓர் அரண்மனைச் சமாச்சாரம். உங்களோடு இருக்கட்டும். மகாராஜா வலது கையில் எப்போதும் பட்டுத்துணி சுற்றியிருப்பார். ராஜ கம்பீரம் என்று ஊர் நினைத்தது. அதெல்லாம் ஒன்றுமில்லை. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், கடலைப் பருப்புப் போல, ஆறாவதாக ஒரு குட்டி விரல். அதற்குச் சின்ன வயதில் பட்ட கேலியை மனிதர் இன்னும் மறக்கவில்லை. அவருக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவனுக்குத் தெரியும். அவன் மூலம் குப்பாண்டிக்கும் தெரியும்.

பட்டைச் சுற்றிக்கொண்டு விரல் பேரம் பேச முடியாது. துண்டுக்குள் கையை விட்ட மகாராஜா, உள்ளேயே பட்டை அவிழ்த்தார். வியாபாரி கையைப் பிடித்தான். குட்டி விரல் அவன் உள்ளங்கையில் உரசியிருக்கும். ஆனால் அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. துண்டுக்குள் பட்டதை வெளியே சொல்வது அந்தத் தொழிலில் கிடையாது.

அப்போது ஜன்னல் வழியாக வெயில் இறங்கி நேராக மகாராஜாவின் கைமேல் விழுந்தது. அதே நேரம் பக்கத்தில் ஒரு தலைப்பாகை குனிந்தது.

"ஏகாம்பரநாதரே! ஏன் குனிகிறீர்?"

"நான்தானே தங்கள் கண், மகாராஜா!"

கண்ணுக்குப் பின்னால் நாலு அமைச்சர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சந்தையே கழுத்தை நீட்டியது. மகாராஜா இடது கையால் ஜன்னலைப் படாரென்று பொத்தினார்.

குப்பாண்டி கூட்டத்துக்கும் துண்டுக்கும் நடுவே தன் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, மகாராஜாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான்:

"ஏன் மூடிவிட்டீர்கள், மகாராஜா? கையில் களவு ஏதும் இருக்கிறதா?"

"களவு இல்லையடா..." மகாராஜா ஜன்னலை இன்னும் இறுகப் பொத்தினார். "என் கை இருக்கிறது."

"எல்லார் துண்டுக்குள்ளும் அதுதான் இருக்கிறது, மகாராஜா. அந்த ஓட்டைக்குத் தங்கள் கண்ணையும் ஊர்க் கண்ணையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நானும் எழுதிப் பார்த்துவிட்டேன்."

மகாராஜா துண்டுக்குள்ளேயே பட்டைச் சுற்றிக்கொண்டு கையை வெளியே எடுத்தார்.

"அப்படியானால் என் காளை?"

"காளையைத் துண்டுக்குள் மறைக்க முடியுமா? அது நாலு காலோடு வெட்டவெளியில்தான் நிற்கும். தங்கள் ஆட்கள் இத்தனை நாளாக விரலைப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் மாட்டைப் பார்க்கவில்லை."

முதலில் குதிரை வியாபாரிதான் களுக்கென்றான். அப்புறம் மகாராஜா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏகாம்பரநாதரே, என் கண்ணை இனி மாட்டுப் பக்கம் திருப்பும்!" என்றார். அன்று முதல் அந்தப் பெரிய மனிதர் சந்தை சந்தையாகப் போய், ஒவ்வொரு காளையின் வாயிலும் வெல்லத்தை நீட்டி, உறவு கொண்டாடுகிறதா என்று பார்த்துவந்தார்.

அந்த அமளியில் மூக்காயியின் பசு ஒரு மூலையில் கை மாறியது. துண்டில் ஓட்டை இல்லை. என்ன விலைக்கு என்று கேட்காதீர்கள், தெரியாது.

"குப்பாண்டி, உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்றார் மகாராஜா. குப்பாண்டி தன் தோள் துண்டை எடுத்துக் கைமேல் போட்டு நீட்டினான். மகாராஜா கையை உள்ளே விட்டார். முகம் சுண்டியது. தலையை ஆட்டினார். மறுபடி அழுத்தினார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

வீடு வந்ததும் வடிவு விடவில்லை. "எம்புட்டுய்யா குடுத்தாரு?" என்று ராத்திரிச் சோறு வரைக்கும் துளைத்தாள். அவன் மூச்சுவிடவில்லை. அவளிடம் மட்டும் சொல்லியிருந்தால் இந்நேரம் நமக்கு வந்து சேர்ந்திருக்கும்.