ஓய்வெடுக்காமல் எவ்வளவு தூரம்?

நரம்பு மருத்துவர் மங்கையர்க்கரசியிடம் பயிற்சிக்கு வந்திருந்த இர்ஃபானுக்கு எண்கள்மேல் அசையாத நம்பிக்கை. அன்றைக்கு அது ஆட்டம் கண்டது.

மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்து கால் தளர்ந்துகொண்டிருந்த ஜெசிந்தா டீச்சர், தன் நிலைமையைத் தானே எழுதும் படிவத்தை நிரப்பித் தந்திருந்தார். 'ஓய்வெடுக்காமல் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?' அரைக் கிலோமீட்டர் என்று பதில். இர்ஃபான் வராந்தாவில் நடக்கவைத்துப் பார்த்தான். நூறு மீட்டரில் இடது கால் இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், நூறுன்னு எழுதினா வீரியமான மருந்துக்கு மாத்தலாம். இவங்க சொல்றதை எழுதினா பழைய மருந்தேதான். கால் போயிடும். ஏன் பொய் சொல்றாங்க?"

"கேட்டியா?"

"கேட்டேன். பஸ் ஸ்டாப்லேர்ந்து ஸ்கூலுக்கு அரைக் கிலோமீட்டராம். தினமும் நடக்கிறாங்களாம். எங்கயும் உட்கார்றதில்லைன்னு சத்தியம் பண்றாங்க."

"அப்ப கூடப் போயிட்டு வா."

மறுநாள் காலை போனான். பஸ்ஸை விட்டு இறங்கிய டீச்சர் மெதுவாக நடந்தார். இஸ்திரிக்காரரிடம் நின்று மகளின் பிரசவத்தை விசாரித்தார். பூக்காரம்மாவிடம் முட்டிவலி குறைந்ததா என்று கேட்டார். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பையனின் வேலை பற்றி. சைக்கிள் கடைப் பெரியவரிடம் கண் ஆபரேஷன் பற்றி. பேச்சு முடிந்ததும் மறுபடி நடை. பள்ளிக்கூடம் வந்துவிட்டது. பாவி மனுஷி, ஒரு தடவைகூட உட்காரவில்லை.

"பாத்தீங்களா டாக்டர்? எங்கயாவது ரெஸ்ட் எடுத்தேனா?"

"எல்லார்கிட்டயும் பிரியமாப் பேசுறீங்க டீச்சர்."

"என்னமோ தெரியல. முன்னெல்லாம் குனிஞ்ச தலை நிமிராமப் போவேன். ஒரு மூணு வருஷமாத்தான், யாரையும் விசாரிக்காமத் தாண்டிப் போக மனசு வர்றதில்ல."

நோய் வந்தும் மூன்று வருடம்தான். இர்ஃபானுக்குத் துக்கமாக இருந்தது. அதைவிடக் குழப்பமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, படிவத்தை மேடத்தின் மேஜையில் வைத்தான்.

"அவங்க பொய் சொல்லல மேடம். நான் அளந்ததும் தப்பில்ல. எதை எழுதுறதுன்னே புரியல."

மங்கையர்க்கரசி படிவத்தைப் பார்க்கவில்லை.

"வழியில எத்தனை பேரை விசாரிச்சாங்க?"

"நாலு பேரை."

"அதையே எழுது. நூறு மீட்டருக்கு ஒருத்தர்."