எல்லைக்கல்லின் அடியில்

எந்த அரசன் ஆண்டான் என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு காலத்தில், தாழைமடை என்ற ஊரில் மருதையன் என்ற குயவன் இருந்தான். அவன் தன் மனைவி காத்தாயியைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று, அவள் தலையில் ஒரு கூடை மண் இருந்தது.

அந்த மண் எதற்கு என்று சொன்னால்தான் கதை விளங்கும். கேளுங்கள்.

தாழைமடைக்கு மேற்கே பெரிய ஏரி. ஏரிக்குக் கீழே உழவர் தெரு, நெசவாளர் தெரு, குயவர் தெரு என்று மூன்று தெருக்கள். ஏரிக்கரையையும் முன்னோர்கள் மூன்று பங்காகப் பிரித்து, பங்குக்கும் பங்குக்கும் நடுவே எல்லைக்கல் நட்டிருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அவரவர் பங்கை அவரவர் உயர்த்த வேண்டும்.

அந்த ஊர்க்காரர்கள் சோம்பேறிகள் இல்லை. உழவர்கள் மண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்துக் கரை எழுப்பினார்கள். நெசவாளர்கள் முரட்டுத் துணியில் பை தைத்து மணல் நிரப்பி அடுக்கினார்கள். குயவர்கள் களிமண்ணைப் பிசைந்து பானை வழிப்பதுபோல் வழித்துப் பூசினார்கள். பெண் கேட்டு வருகிறவர்களிடம்கூட, "முதலில் எங்கள் கரையைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்பார்கள்.

ஆனால் எல்லைக்கல் நெருங்கியதும் ஒரு முழம் முன்னாலேயே எல்லாரும் நின்றுவிடுவார்கள். நம் மண் சரிந்து அடுத்த தெருவின் கரை உயர்ந்துவிட்டால் என்ன செய்வது? இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் விடுபட்டது. இரு பக்கமும் கரை உயர உயர, கல் நின்ற இடம் பள்ளமாகிக்கொண்டே போனது.

காத்தாயி தினமும் அந்த வழியாகத்தான் களிமண் எடுக்கப் போவாள். குயவர் பங்கும் நெசவாளர் பங்கும் சேரும் கல்லருகே இருந்த பள்ளம் அவள் கண்ணில் பட்டது. திரும்பும்போது ஒரு கூடை மண்ணைக் கல்லுக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு வருவாள். அவளுடைய தெருவில் முகம் சுளித்தார்கள். நெசவாளர் தெருச் செவ்வந்தி வாய்விட்டே கேட்டாள்.

"என்ன காத்தாயி, எங்கள் தெருவுக்கு மண் சுமக்க எப்போது வாழ்க்கைப்பட்டாய்?"

"ஏரி உடைந்தால் உன் தறி மிதந்து என் அடுப்படிக்கு வரும். அப்போது நமக்குள் என்ன முறை என்று பார்த்துக்கொள்ளலாம்" என்றாள் காத்தாயி.

அந்த ஆண்டு மழை விடாமல் பெய்தது. ஏரி நிரம்பித் தளும்பியது. கரையடியில் சற்றுத் தொலைவில் மண் வெட்டிக்கொண்டிருந்த மருதையன், மனைவி கூடையோடு மேலே ஏறுவதைப் பார்த்தான். அவள் கால் கல்லருகே நின்றது. கல்லுக்கு அடியிலிருந்து கலங்கல் நீர் கசிந்தது. அவன் கூப்பிடுவதற்குள் அவளே பார்த்துவிட்டாள். திரும்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கூடையை அந்த இடத்தில் கவிழ்த்துவிட்டு, கீழே இருந்த நெசவாளர் வீடுகளைப் பார்த்து, "பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள்" என்று கத்தினாள். செவ்வந்தி தன் பிள்ளைகளோடு ஓடினாள். தெருவே ஓடியது.

கரை போனது. காத்தாயியும் போனாள்.

ஊர் முழுவதும் கோயில் மேட்டில் ஏறி, அங்கேயும் மூன்று மூலையில் உட்கார்ந்தது. உழவர்களிடம் நெல் இருந்தது, பானை இல்லை. குயவர்களிடம் பானை இருந்தது, நெல் இல்லை. நெசவாளர்கள் நனையாத துணியைப் போர்த்திக்கொண்டு பட்டினி கிடந்தார்கள்.

செவ்வந்திதான் முதலில் எழுந்தாள். நடுங்கிக்கொண்டிருந்த மருதையனிடம் வந்து, "அண்ணே" என்று சொல்லி ஒரு துணியை மடியில் வைத்தாள்.  அதைப் பார்த்துக் குயவர்கள் பானை கொடுத்தார்கள். உழவர்கள் நெல் அளந்தார்கள். அன்று மேட்டில் ஒரே அடுப்பு எரிந்தது.

வயிறு நிறைந்ததும் பழைய வழக்கு எழுந்தது. உடைப்பு யார் பங்கில் விழுந்ததோ அந்தத் தெரு மட்டுமே அடைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஒரு தெரு தனியாக அடைத்தால் கார்த்திகை மழைக்குள் முடியாது. முடியாவிட்டால் எஞ்சிய வீடுகளும் போகும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யார் பங்கு என்று தெரியாமல் மண்வெட்டியைத் தொட ஒருவரும் இல்லை. உடைப்பைப் பார்த்தவன் மருதையன் ஒருவனே.

குயவர் தெருத் தலைவர் அவனுக்குத் தாய்மாமன். அவன் காதருகே குனிந்தார். "மாப்பிள்ளை, போனவள் வரப்போவதில்லை. நெசவாளர் பக்கம் என்று ஒரு வார்த்தை சொல். நம் தெரு பிழைத்துக்கொள்ளும்."

மருதையன் மடியிலிருந்த துணியைப் பார்த்தான். காத்தாயியைக் கேலி பேசியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். முகம் சுளித்த தன் தெருவும் நினைவுக்கு வந்தது. அவன் எழுந்து நின்றான்.

"தண்ணீர் முதலில் கல்லுக்கு அடியில்தான் கசிந்தது. கல் யார் பங்கு?"

 வயதான உழவர் ஒருவர், "கல் யார் பங்கும் இல்லையப்பா. அது ஊர்க் கல்" என்றார்.

"அப்படியானால் உடைப்பும் ஊர் உடைப்பு" என்றான் மருதையன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினான்.

முதலில் செவ்வந்தி பின்னால் போனாள். அடுத்து மாமன் தலையைக் குனிந்துகொண்டு போனார். பிறகு ஊர் போனது. சேற்றில் புதைந்து கிடந்த எல்லைக்கல்லை மூன்று தெருவும் வடம் கட்டி இழுத்து, உடைப்பின் அடியில் கிடத்தின. அதன்மேல் நெசவாளர்கள் மணல் பை அடுக்கினார்கள். உழவர்கள் வைக்கோல் மண் மிதித்தார்கள். குயவர்கள் களிமண் பூசினார்கள். தனித்தனியே செய்த வேலைதான். ஒன்றன்மேல் ஒன்றாக வந்தபோது அதன் பலமே வேறாக இருந்தது.

கார்த்திகை மழை வந்தது. ஏரி தளும்பியது. கரை நின்றது.

மறு ஆண்டு மற்ற எல்லைக்கல்லையும் பிடுங்கிக் கரைக்குள் போட்டார்கள். நெல்லும் பானையும் துணியும் கோயில் மேட்டில் ஒரே கொட்டகையில் சேர்ந்தன. அதுமுதல் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறக்குமுன், மூன்று தெருப் பெண்களும் காத்தாயி நின்ற இடத்தில் ஆளுக்கொரு கூடை மண் கொட்டிவிட்டுத்தான் தங்கள் பங்கில் கை வைத்தார்கள்.

தன் பங்கை மட்டும் காப்பதால் ஊர் பிழைக்காது. பங்கும் பங்கும் சேரும் இடத்தை எல்லாரும் காத்தால்தான் பிழைக்கும்.

காத்தாயியின் உடல் கிடைக்கவில்லை. தாழைமடை ஏரிக்கரை அந்த ஓர் இடத்தில் மட்டும் மற்ற இடங்களைவிட ஒரு முழம் உயரம்.